எல்லாக் கடையிலும் கிடைத்தால் மதிப்புக் குறைந்துவிடுமா? சியரா நெவாடாவின் கதை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு பியர் கொம்பனியைப் பற்றிய கட்டுரை. ஆனால் பியர் குடியுங்கோ எண்டு சொல்ல வந்த கட்டுரை இல்லை. நான் கதைக்கப்போகிற பியரை நான் ருசி பார்த்ததும் கிடையாது. பிறகு ஏன் எழுதுறாய் எண்டு கேட்டால், வரலாறு படிக்கிற ஆக்களுக்கு ஒரு பழைய கேள்வி இருக்கு: ஆரை நாங்கள் ஞாபகம் வைக்கிறம், ஆரை மறக்கிறம், ஏன்? அந்தக் கேள்வியை யோசிப்பதற்கு இந்தக் கொம்பனி ஒரு நல்ல உதாரணம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் வடக்கே சிக்கோ என்றொரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. சியரா நெவாடா என்ற பியர் நிறுவனம் 1979 இல் அங்கே தொடங்கப்பட்டது. இன்று அது அந்த நாட்டின் மிகப்பெரிய கிராஃப்ட் பியர் நிறுவனங்களில் ஒன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 10 இலட்சம் பரல் பியர் வடிக்கிறது; ஒரு பரல் என்றால் 117 லீற்றர். பச்சை லேபல் ஒட்டிய அதன் பேல் ஏல் போத்தல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட எந்த சுப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும்.

பிரச்சினையும் அதுதான். பியர் ரசிகர்கள் எழுதுவதையும் கதைப்பதையும் கொஞ்ச நாள் வாசித்துப் பாருங்கள். புதுசாக ஆரோ ஒருவர் கராஜுக்குள் முந்நூறு போத்தல் வடித்து விற்றால் அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். சியரா நெவாடா என்றால், "ஓம், நல்லதுதான், அதுக்கென்ன இப்ப?" என்ற தொனிதான் வரும். ஆரும் திட்டுவதில்லை, ஆரும் பெரிதாகப் புகழ்வதும் இல்லை. வீட்டில் தினமும் சமைக்கிற ஆளுக்குக் கிடைக்கிற மரியாதை மாதிரி.

இது நியாயமா? அதற்குப் பதில் சொல்ல முதல் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

பியர் வடிப்பது குற்றமாக இருந்த காலம்

1920 இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1933 இல் அது நீக்கப்பட்டது. நீக்கியபோது வீட்டில் வைன் செய்யலாம் என்று அனுமதித்தார்கள். பியர் செய்ய அனுமதிக்கவில்லை. அதனால் மதுவிலக்கு முடிந்து நாற்பது வருடத்துக்கு மேல் போன பிறகும், குசினிக்குள் ஒரு வாளி பியர் வடிப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றமாகவே இருந்தது.

இந்த இடைக்காலத்தில் சிறிய வடிசாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது பெரியவற்றால் விழுங்கப்பட்டன. 1970 களின் கடைசியில் அவ்வளவு பெரிய நாட்டில் இயங்கிய பியர் வடிசாலைகள் நூறுக்கும் குறைவு. இருந்தவையும் பெரும்பாலும் ஒரே மாதிரியான, மெல்லிய, வெளிர்மஞ்சள் லாகரைத்தான் வடித்தன. ருசியில் வித்தியாசம் குறைவு, விளம்பரத்தில்தான் போட்டி.

மாற்றம் எப்படி வந்தது? ஒரு மேதை வந்து எல்லாவற்றையும் மாற்றினார் என்று கதை சொல்வது சுகம். உண்மையில் சலிப்பூட்டுகிற அரச ஆவணங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1976 இல் சிறிய வடிசாலைகளுக்கான வரி குறைக்கப்பட்டது: முதல் 60,000 பரலுக்கு, பரலுக்கு 9 டொலராக இருந்தது 7 டொலரானது. 1978 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் ஒப்பமிட்ட சட்டம் வீட்டில் பியர் வடிப்பதை அனுமதித்தது. அடுத்த வருடம் பெப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இன்னொன்று ஹொப்ஸ். பியருக்குக் கசப்பையும் வாசத்தையும் கொடுக்கிற கொடியின் பூ அது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று ஒரிகன் மாநிலத்தில் பல வருடம் உழைத்து, 1972 இல் கஸ்கேட் என்ற புதிய ஹொப்ஸ் வகையை வெளியிட்டது. தோடம்பழத் தோலையும் கிரேப்ஃபுரூட்டையும் ஞாபகப்படுத்துகிற வாசம் அதற்கு. பொதுமக்களின் வரிப்பணத்தில் பிறந்த பூ. இந்தப் பூ இல்லாவிட்டால் இந்தக் கதையே வேற மாதிரிப் போயிருக்கும்.

பால் தொட்டியில் வடித்த பியர்

கென் குரொஸ்மன் தெற்குக் கலிபோர்னியாவில் வளர்ந்தவர். பதின்ம வயதிலேயே வீட்டில் பியர் வடித்துப் பழகியவர். 1972 இல் சிக்கோவுக்கு வந்தார். சைக்கிள் திருத்தினார், கல்லூரியில் இரசாயனவியல் வகுப்புகளுக்குப் போனார், 1976 இல் வீட்டில் பியர் வடிப்பவர்களுக்கான சாமான் விற்கும் சிறு கடை ஒன்றைத் திறந்தார். கவனியுங்கள், அந்த நேரம் அந்தப் பொழுதுபோக்கே சட்டவிரோதம்.

அவரும் போல் கமூசி என்ற நண்பரும் சேர்ந்துதான் சியரா நெவாடாவைத் தொடங்கினார்கள். வங்கியை நம்பி அல்ல, குடும்பத்திடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கி. அப்போது சிறிய வடிசாலைக்கென்று எவரும் உபகரணம் செய்து விற்கவில்லை. பெரிய ஆலைகளின் சாமான்களை வாங்கக் கட்டாது. அதனால் குரொஸ்மன் பழைய பால் பண்ணைகளையும் இரும்புக் கடைகளையும் தேடித் திரிந்தார். பால் வைத்திருந்த துருப்பிடிக்காத உருக்குத் தொட்டிகளை வாங்கி, வெல்டிங் பழகி, வெட்டி ஒட்டித் தன் ஆலையைத் தானே கட்டினார். பெரிய பால் கொம்பனிகள் வளர வளரச் சின்னப் பண்ணைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு தொழிலில் தோற்ற சின்ன ஆக்களின் பாத்திரத்தில்தான் இன்னொரு தொழிலின் சின்ன ஆள் தொடங்கினார் என்று யோசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் மனம் கனத்தது.

1980 நவம்பரில் முதல் பியர் வடிக்கப்பட்டது. முதல் பியர் ஒரு ஸ்டவுட். பிறகு பேல் ஏல். அது உடனே சரிவரவில்லை. ஒரு தடவை வந்த ருசி அடுத்த தடவை வரவில்லை. கடனில் ஓடிக்கொண்டிருந்த அந்த இளைஞர்கள், திருப்தி வரும் வரைக்கும் தடவைக்குத் தடவை வடித்த பேல் ஏலைக் கீழே ஊற்றினார்கள். குரொஸ்மன் 2013 இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலான 'பியோண்ட் த பேல்' இந்தக் காலத்தை விரிவாகச் சொல்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கொம்பனியின் முழுக் குணமும் இந்த இடத்தில் இருக்கு. அந்தப் பியர் குடிக்கக் கூடாத பியர் அல்ல. அன்றைய நிலையில் அதை விற்றிருந்தாலும் ஆரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒருக்கால் நல்லா வருகிற பியர் அல்ல, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நல்லா வருகிற பியர்.

முதலாவது ஆள் இல்லை

சியரா நெவாடாவைப் புகழ்வதில் ஒரு சிக்கல் இருக்கு. அது எதிலும் முதலாவது இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் மூடப்படும் நிலையில் இருந்த ஆங்கர் என்ற பழைய வடிசாலையை ஃபிரிட்ஸ் மேற்றாக் 1965 இல் வாங்கிக் காப்பாற்றினார். 1975 இலேயே ஆங்கர், கஸ்கேட் ஹொப்ஸ் போட்டு லிபர்ட்டி ஏல் என்ற பியரை வடித்தது. கஸ்கேட் வாசத்தை அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தியது சியரா நெவாடா என்று ஆராவது சொன்னால் அது பிழை. அதேபோல, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சிறு வடிசாலையைக் கட்டலாம் என்று காட்டியவர் ஜக் மக்கோலிஃப். கடற்படையில் இருந்தபோது ஸ்கொட்லாந்தில் ஏல் குடித்துப் பழகிய அவர், 1976 இல் சொனோமாவில் நியூ அல்பியன் என்ற வடிசாலையைத் தொடங்கினார். குரொஸ்மன் அங்கே நேரில் போய்ப் பார்த்துத்தான் தனக்கும் ஏலும் என்ற துணிவைப் பெற்றார். பழைய பாத்திரங்களை வைத்துக் கட்டுவது கூட மக்கோலிஃப் செய்துகாட்டிய வழிதான்.

நியூ அல்பியன் 1982 இல் மூடப்பட்டது. விருப்பம் இருந்தது, திறமை இருந்தது. ஆனால் வடித்த அளவு வருமானத்துக்குக் காணாது. பெருப்பிக்கக் கடன் கிடைக்கவில்லை.

இங்கேதான் எங்கட மனசின் ஒரு பழக்கம் வெளியே வருகிறது. தோற்றுப்போன முன்னோடியை நாங்கள் விரும்புகிறோம். அவருடைய கதையில் சோகம் இருக்கு. தோற்காதவனைப் பார்த்தால், "வியாபாரி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். முன்னோடிக்கு உரியதை முன்னோடிக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வழியைக் கண்டவர் ஒருவர், அந்த வழியில் நாற்பது வருடம் வண்டி ஓட்டியவர் இன்னொருவர் என்றால், இரண்டாவது ஆளுக்கு ஒரு வரியும் இல்லாமல் வரலாறு எழுதுவது சரியா?

சியரா நெவாடா தன் முன்னோடிகளை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010 இல் தன் முப்பதாவது ஆண்டுக்காக வெளியிட்ட பியர்களை மேற்றாக்குடனும் மக்கோலிஃபுடனும் சேர்ந்து வடித்து, அவர்களுடைய பெயரையே அவற்றுக்கு வைத்தது.

அப்படியானால் எதற்காகப் புகழ வேண்டும்?

எனக்கு மூன்று காரணம் தெரிகிறது.

முதலாவது, தரத்தைப் பெருப்பித்தது. ஒரு சட்டி கறியை ருசியாகச் சமைப்பது ஒரு திறமை. கலியாண வீட்டுக்கு ஆயிரம் பேருக்கு அதே ருசியில் சமைப்பது வேறு திறமை. 1980 களில் ஜேர்மனியில் மூடப்பட்ட வடிசாலை ஒன்றின் செப்புப் பாத்திரங்களை வாங்கிக் கொண்டுவந்தார்கள். கட்டிடம் கட்டக் காசு சேரும் வரைக்கும் அவை வருடக்கணக்கில் கிடந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் புது ஆலை இயங்கத் தொடங்கியது. பெரிதான பிறகும் ஹொப்ஸைப் பொடித்து உருண்டையாக்காமல் முழுப் பூவாகவே நீண்ட காலம் பயன்படுத்தினார்கள். கையால் திருகித் திறக்கிற மூடியை விட, திறப்பானால் திறக்கிற மூடி ஒட்சிசனை நன்றாகத் தடுக்கும் என்று கண்டபோது அதற்கு மாறினார்கள். வாங்குபவருக்கு வசதி குறைவு, பியருக்கு நல்லது. இதெல்லாம் கதையாகச் சொல்லச் சுவாரசியம் இல்லாத வேலைகள். ஆனால் சிறு ஆக்கள் வடிக்கிற பியரை நம்பி வாங்கலாம் என்ற எண்ணம் சாதாரண சனத்துக்கு வந்தது இந்த வேலைகளால்தான்.

இரண்டாவது, மற்றவர்களுக்குக் கொடுத்தது. சியரா நெவாடாவின் பேல் ஏல் போத்தலுக்குள்ளேயே மீண்டும் நொதிக்க விடப்படுவது. அதாவது போத்தலின் அடியில் உயிருள்ள மதுவம் இருக்கும். 1980 களில் வீட்டில் பியர் வடித்தவர்கள் அந்தப் போத்தலை வாங்கி, அடியில் கிடந்த மதுவத்தை எடுத்து வளர்த்துத் தங்களுடைய பியருக்குப் போட்டார்கள். இன்று "சிக்கோ மதுவம்" என்ற பெயரிலேயே அறியப்படும் அந்த வகை, ஆய்வுகூடங்கள் வழியாக உலகம் முழுக்க எத்தனையோ வடிசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊரில் ஒரு வீட்டுத் தயிர் உறை அயலட்டை முழுக்கப் பரவுவது போல. சியரா நெவாடாவைச் சலிப்பு எண்டு சொல்லிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர், அங்கே அதே மதுவத்தால் நொதித்த பியரைக் குடித்துக்கொண்டிருக்க நிறையச் சாத்தியம் உண்டு.

2018 நவம்பர் 8 ஆம் திகதி சிக்கோவுக்கு அருகே காட்டுத் தீ மூண்டது. பரடைஸ் என்ற ஊர் கிட்டத்தட்ட முழுதாக எரிந்தது. 85 பேர் இறந்தார்கள். சியரா நெவாடா 'ரெசீலியன்ஸ்' என்ற பெயரில் ஒரு பியரின் செய்முறையை வெளியிட்டு, நீங்களும் வடித்து, விற்ற காசு முழுவதையும் நிவாரணத்துக்குக் கொடுங்கள் என்று மற்ற வடிசாலைகளைக் கேட்டது. 1,400 க்கும் மேற்பட்ட வடிசாலைகள் இணைந்தன. எல்லாரிடமிருந்தும் காசு உடனே வந்து சேரவில்லை என்பதும் உண்மை. ஆனால் போட்டியாளர்கள் 1,400 பேர் ஒரு கொம்பனியின் சொல்லை நம்பிச் சேர்ந்தார்கள் என்றால், அந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததல்ல.

மூன்றாவது, விற்காமல் இருந்தது. கூஸ் ஐலண்ட் 2011 இல் உலகின் மிகப்பெரிய பியர் கொம்பனிக்குப் போனது. 2015 இல் பலஸ்ட் பொயின்ட் 100 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. நாலு வருடத்தில் வாங்கியவர்களே அதை விற்றுவிட்டார்கள். லகுனிற்றாஸ் 2017 இல் முழுமையாக ஹைனெகனுடையதானது. எல்லாவற்றையும் தொடக்கிவைத்த ஆங்கர் 2017 இல் சப்போரோவின் கைக்குப் போய், 2023 இல் மூடும் அறிவிப்பு வந்தது. சியரா நெவாடா இன்றும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. 2014 இல் வட கரோலினாவில் இரண்டாவது ஆலையைத் திறந்ததும் தன் பெயரில்தான்.

மறுபக்கம்

இனி எதிர்வாதம். நான் வக்கீல் இல்லை, அதனால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுப்பர்மார்க்கெட் தட்டு ஒன்றுக்கு இவ்வளவுதான் நீளம். அதில் சியரா நெவாடாவின் பன்னிரண்டு போத்தல் பெட்டி இருக்கும் இடத்தில் உள்ளூர் வடிசாலை ஒன்றின் பியர் இருக்க முடியாது. ஒருகாலத்தில் இடமில்லாமல் அலைந்தவர் இன்று இடத்தைப் பிடித்திருப்பவர். "சிறியது" என்ற சொல்லும் வளைந்துகொண்டே போகிறது. அமெரிக்க வடிப்பாளர் சங்கத்தின் வரையறையில் ஆண்டுக்கு 20 இலட்சம் பரலாக இருந்த மேல் எல்லை பிறகு 60 இலட்சமாக்கப்பட்டது. லீற்றரில் அது சுமார் 70 கோடி! அதைச் சிறியது எண்டு சொன்னால் எங்கட அம்மம்மா சிரிப்பா.

இன்னொன்று, நானே மேலே செய்த பிழை. திரும்ப வாசித்துப் பாருங்கள்: கமூசி ஒரு இடத்தில் வந்தார், பிறகு காணவில்லை. 1990 களின் இறுதியில் குரொஸ்மன் அவருடைய பங்கை வாங்கினார். அதற்குப் பிறகு கொம்பனியின் கதை ஒருவரின் கதையாகிவிட்டது. தொட்டி கழுவியவர்கள், பெட்டி தூக்கியவர்கள், ஆய்வுகூடத்தில் நின்றவர்கள் ஆரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. மறக்கப்பட்ட கொம்பனிக்கு நியாயம் கேட்கிற கட்டுரையே இன்னும் பலரை மறந்துதான் எழுதப்படுகிறது.

கடைசியாக மது. குடியால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கட ஊரிலும் மலையகத்திலும் அதன் விலையைக் கொடுத்த வீடுகளை எல்லாரும் அறிவோம். எவ்வளவு அக்கறையாக வடித்தாலும் மது மதுதான். ஒரு தொழிலின் நேர்மையைப் புகழ்வதும் அந்தப் பொருளைப் புகழ்வதும் வேறு வேறு என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோடு மெல்லிய கோடு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கும் ஒரு தொடர்பு

1970 களின் அமெரிக்க வடிப்பாளர்கள் பலருக்குக் கண்ணைத் திறந்தது மைக்கல் ஜக்சன் 1977 இல் எழுதிய உலக பியர் வழிகாட்டி நூல். பாடகர் இல்லை, அதே பெயரில் இங்கிலாந்தில் இருந்த பியர் எழுத்தாளர். அதே ஆள் எங்கட நாட்டின் லயன் ஸ்டவுட்டையும் மெச்சி எழுதியவர். நுவரெலியாவில் 1881 இல் தொடங்கிய வடிசாலை மரபிலிருந்து வந்த பியர் அது. வெளிநாட்டு ரசிகர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். இங்கே அது கடையில் கிடக்கிற இன்னொரு போத்தல். பக்கத்தில் கிடைப்பதை மதிக்காத பழக்கம் அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியதல்ல.

ஆக, கேள்விக்கு என் பதில்: ஓம், சியரா நெவாடாவுக்கு இன்னும் கொஞ்சம் புகழ் கொடுக்கலாம். முதலாவது என்பதற்காக அல்ல, ஏனென்றால் அது முதலாவது இல்லை. பெரியது என்பதற்காகவும் அல்ல. கடனில் இருந்தபோது சரியில்லாததைக் கீழே ஊற்றியதற்காகவும், காசு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடாததற்காகவும்.

இன்று அமெரிக்காவில் 9,000 க்கும் மேற்பட்ட பியர் வடிசாலைகள் இருக்கின்றன. அவற்றில் அரைவாசி வடிப்பாளர்களாவது தங்களுடைய முதல் நல்ல பியர் எது என்று கேட்டால் ஒரு பச்சை லேபலைச் சொல்லுவார்கள் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான், கணக்கு இல்லை. எங்கட துறையில் இதற்கு மார்க்ஸ் கிடைக்காது, ஆனால் வாசிக்கிற நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ: உங்கட வாழ்க்கையில் எப்பவும் கிடைக்கிறது என்பதாலேயே நீங்கள் ஒரு நாளும் நன்றி சொல்லாத விசயம் எது?